தரையைச் சூடேற்றும் முன் வெப்பம் போகும் வழியைப் பாருங்கள்

மாணவர்களே, கேமரன் மலையில் வசிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அதிகாலை ஐந்து மணிக்குக் கட்டிலை விட்டு இறங்கியதும் கால் சில்லிடுகிறது. பாட்டிக்கு மூட்டு வலி கூடுகிறது. தம்பி போர்வைக்குள்ளிருந்து வர மறுக்கிறான். வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள ஏதாவது வழி உண்டா?

இணையத்தில் தேடினால் உடனே ஒரு பதில் கிடைக்கும். ஏற்கெனவே உள்ள பலகைத் தரையின் மேலேயே மின்கம்பிப் பாயை விரித்து, அதன் மேல் புதுத் தரை போட்டுவிடலாம் என்கிறார்கள். தரையை உடைக்க வேண்டாம், பலகையைப் பெயர்க்க வேண்டாம், இரண்டே நாளில் வேலை முடிந்துவிடும் என்று காணொளிகள் காட்டுகின்றன. குளிர் நாடுகளில் இது நன்றாகச் சோதிக்கப்பட்ட தொழில்நுட்பம்தான். ஆனால் நம் மலைத் தோட்டத்துப் பலகை வீட்டில் முதல் வேலையாக இதைச் செய்வது தவறு என்பது என் கருத்து. ஏன் என்று கணக்குப் போட்டே பார்ப்போம். அந்தக் கணக்கு உங்கள் பள்ளிப் பாடத்துக்கு அப்பால் எங்கும் போகாது.

மலை ஏன் குளிர்கிறது?

தரைமட்டத்திலிருந்து 1,000 மீட்டர் மேலே ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1.44ஐ 6.5ஆல் பெருக்கினால் 9.4 வரும். சமவெளியின் சராசரி 27 பாகை என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து கழித்தால் சுமார் 18 பாகை. கேமரன் மலையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையும் கிட்டத்தட்ட அதுதான். இரவில் 15 பாகைக்கு இறங்குவது அங்கே சாதாரணம். மலேசியாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 பாகையும் 1978 பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில்தான் பதிவானது.

15 பாகை என்றதும் கோலாலம்பூர் நண்பர்கள் "ஆகா, இயற்கைக் குளிர்சாதனம்!" என்பார்கள். இரண்டு நாள் சுற்றுலாவுக்கு அது சரி. ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்பவர்களின் நிலை வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுவசதி, நலம் பற்றிய வழிகாட்டியில், குளிர்காலம் உள்ள நாடுகளில் வீட்டின் உள்வெப்பநிலை 18 பாகைக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது என்று கூறியிருக்கிறது. முதியவர்கள், கைக்குழந்தைகள், மூச்சு நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது இன்னும் முக்கியம். காற்றுப் புகும் பலகை வீட்டில் வெளியே 15 என்றால் உள்ளேயும் ஏறக்குறைய அதேதான். ஆகவே மலைவாசிகள் கேட்கும் சூடு ஆடம்பரமன்று.

சூடான தரை புதிய யோசனை அல்ல

ரோமானியர்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே குளியல் மண்டபங்களின் தரையைக் குட்டைத் தூண்களின் மேல் நிறுத்தி, அடியில் அடுப்பின் சூடான காற்றை ஓடவிட்டார்கள். கொரியர்கள் சமையலறை அடுப்பின் புகையைக் கல் தரையின் அடியில் செலுத்தி அறையை வெதுவெதுப்பாக்கினார்கள். அதற்கு 'ஒண்டோல்' என்று பெயர். பின்னாளில் விறகுக்குப் பதிலாக நிலக்கரி வில்லைகளை எரித்தபோது தரை விரிசல் வழியே கார்பன் மோனாக்சைடு கசிந்து பல உயிர்கள் போயின. இன்று கொரிய அடுக்குமாடி வீடுகளில் தரைக்குள் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1929இல் ஜே.ஏ. ரஸல் தொடங்கிய போ தோட்டம் முதல் மலையிலுள்ள பிற தோட்டங்கள் வரை, தேயிலைத் தொழிற்சாலைகளில் இதே அறிவியல் நாள்தோறும் வேலை செய்கிறது. கொய்து வந்த பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் நீர்தான். அதை உருட்டுவதற்கு முன் வாட்ட வேண்டும். நீண்ட தொட்டியில் கம்பி வலையின் மேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்துவார்கள். மழைநாளில் அந்தக் காற்றைச் சற்றே சூடாக்குவார்கள்.

ஏன் சூடாக்க வேண்டும்? 15 பாகையில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 12.8 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று 22 பாகைக்குச் சூடானால் 19.4 கிராம் வரை தாங்கும். ஆகவே, நனைந்த துணிபோல் ஈரம் நிறைந்த மலைக்காற்றை 7 பாகை சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 100 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 65 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அந்தக் காற்று இலையிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். வீட்டைச் சூடாக்கினால் குளிர் மட்டும் குறைவதில்லை, சுவரில் பூசணம் பிடிக்கும் ஈரமும் குறைகிறது. இது சூடேற்றுவோர் தரப்பில் உள்ள வலுவான வாதம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தொழிற்சாலையில் ஒன்றைக் கவனியுங்கள். அடியிலிருந்து செல்லும் சூடான காற்று தொட்டியின் பக்கவாட்டில் கசியாதபடி அடைத்திருப்பார்கள். வெப்பம் எங்கே போக வேண்டுமோ அங்கே மட்டும் போக வேண்டும், இல்லையென்றால் செலவு கட்டுப்படியாகாது. வீட்டுக்கும் அதே விதிதான்.

வெப்பம் மேலே மட்டும் போகாது

"சூடு மேலே எழும்பும்" என்று நாம் சொல்வது சூடான காற்றைப் பற்றியது. அது வெப்பச் சலனம். திடப்பொருளுக்குள் வெப்பத்துக்கு மேல், கீழ் என்ற பாகுபாடு கிடையாது. எந்தப் பக்கம் குளிரோ, எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம் அதிகமாக ஓடும்.

ஒரு பொருளின் வெப்பத் தடையைக் கண்டுபிடிப்பது எளிது. அதன் தடிமனை (மீட்டரில்) அதன் வெப்பக் கடத்து திறனால் வகுத்தால் போதும். மரப்பலகையின் கடத்து திறன் சுமார் 0.14. எனவே 2 சென்டிமீட்டர் பலகையின் தடை 0.02 ÷ 0.14 = 0.14. பலகையின் மேலும் கீழும் ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலங்கள் சேர்ந்து இன்னும் சுமார் 0.21 தடையைத் தரும். மொத்தம் 0.35.

உங்கள் வீடு கால்களின் மேல் நிற்கும் பழைய பலகை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை 3 மீட்டருக்கு 4 மீட்டர், அதாவது 12 சதுர மீட்டர். உள்ளே 22 பாகை வேண்டும், தரைக்கு அடியில் 15 பாகை. வேறுபாடு 7. ஏழை 0.35ஆல் வகுத்தால் 20. ஒவ்வொரு சதுர மீட்டரும் 20 வாட் வெப்பத்தை இழக்கிறது. அறை முழுதும் 240 வாட்.

இப்போது பலகைகளுக்கு அடியில் 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள நுரைப்பலகையைப் பொருத்துங்கள். அதன் கடத்து திறன் சுமார் 0.033. அதன் தடை 0.03 ÷ 0.033 = 0.91. மொத்தத் தடை 1.26 ஆகிறது. இழப்பு சதுர மீட்டருக்கு 5.6 வாட், அறை முழுதும் சுமார் 67 வாட். எந்தக் கருவியும் ஓடாமல், ஒரு காசு மின்கட்டணம் இல்லாமல், தரை வழி இழப்பு கால் பங்குக்குச் சற்று அதிகம் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது.

அடுத்து மின்கம்பிப் பாயைச் சோதிப்போம். பழைய பலகையின் மேல் பாய், அதன் மேல் 1 சென்டிமீட்டர் மரத்தரை. பாய் 30 பாகையில் இருக்கிறது. மேல்பக்கத் தடை, மேற்பரப்புக் காற்றோடு சேர்த்து, சுமார் 0.16. மேலே போகும் வெப்பம் 8 ÷ 0.16 = 50 வாட். கீழே 15 பாகைக் குளிர், தடை சுமார் 0.18. கீழே போகும் வெப்பம் 15 ÷ 0.18 = 83 வாட்! நாம் காசு கொடுத்து வாங்கும் 133 வாட்டில் 50தான் நமக்கு. மிச்சம் வீட்டுக்கு அடியில் படுத்திருக்கும் பூனைக்கு.

நுரைப்பலகையை இடையில் வைத்தால் கீழே போவது 14 வாட்டாகக் குறையும். மொத்தச் செலவு 64 வாட், நமக்குக் கிடைப்பது அதே 50.

இதை மின்கட்டணமாக மாற்றுங்கள். 12 சதுர மீட்டர், இரவில் 8 மணி நேரம், மாதம் 30 நாள். நுரைப்பலகை இல்லையென்றால் 383 யூனிட். இருந்தால் 184 யூனிட். ஒரே அறைக்கு மட்டும்! வீட்டில் கடைசியாக வந்த மின்கட்டண ரசீதை எடுத்து, மாதம் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். 184 யூனிட் கூடினால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று நீங்களே கணக்கிடலாம். இவை தோராயக் கணக்குகள். காற்று வீசாத இரவில் இழப்பு குறையும், பலகை இடுக்குகள் அதிகமென்றால் கூடும். ஆனால் எது முதலில் வர வேண்டும் என்ற வரிசை மாறாது.

காலுக்கு மரம் நண்பன்

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில் இருக்கும் சிமிந்தித் தரையும் பலகைத் தரையும் காலுக்கு ஒன்றுபோல் படுவதில்லை. சிமிந்தி சில்லிடும், பலகை அவ்வளவு சில்லிடாது. சிமிந்தி நம் பாதத்தின் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்வதே காரணம். மரம் அரிதிற்கடத்தி. அதனால் பலகை வீட்டில் கால் குளிர்வதற்குப் பெரும்பாலும் பலகையைக் குறை சொல்ல முடியாது. பலகைகளுக்கு இடையே உள்ள இடுக்குகள் வழியே வரும் காற்றுதான் குற்றவாளி.

மரம் அரிதிற்கடத்தியாக இருப்பது தரைச் சூடேற்றிக்கு ஒரு சிக்கலையும் உண்டாக்குகிறது. மேலே போடும் மரத்தரை தடிமனாக இருந்தால் வெப்பம் மேலே வரத் தயங்கும். அதனால்தான் வெளிநாடுகளில் சூடேற்றியின் மேல் மெல்லிய அலுமினியத் தகட்டைப் பதிக்கிறார்கள். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்தும். அது வெப்பத்தைத் தரை முழுதும் பரப்பிவிடும். மரத்தரையின் மேற்பரப்பு சுமார் 27 பாகையைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான நடைமுறை. தாண்டினால் மரம் காய்ந்து சுருங்கும், இடுக்கு விழும். அதன் மேல் தடித்த கம்பளம் விரித்தாலோ, கால் இல்லாத பெரிய பீரோவை வைத்தாலோ வெப்பம் அடைபட்டுக் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகும். பலகை வீட்டில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மறுபக்கத்தையும் கேட்போம்

"நுரைப்பலகை குளிரைத் தடுக்கும், ஆனால் சூட்டை உண்டாக்காதே?" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் வீட்டில் ஏற்கெனவே சூடேற்றிகள் இருக்கின்றன. அவை நீங்கள்தான். தூங்கும் மனித உடல் ஒவ்வொன்றும் சுமார் 70 முதல் 80 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. நான்கு பேர் என்றால் ஏறக்குறைய 300 வாட். மூடாத தரை அதில் 240 வாட்டை விழுங்கிவிடுகிறது. மூடிய தரை 67 வாட்டோடு விட்டுவிடுகிறது.

தரை மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. உள்கூரை இல்லாத தகரக் கூரை தரையைவிட மோசம். மேகமில்லாத இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீச்சாக அனுப்பி, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதனால் முதலில் கூரைக்கு உள்கூரை, பிறகு இடுக்குகள், பிறகு தரை என்ற வரிசையில் போக வேண்டும். இவை மூன்றையும் செய்த பின்னும் நோயாளியோ முதியவரோ குளிரில் வாடினால், அப்போது அவர் இருக்கும் ஓர் அறைக்கு மட்டும் சூடேற்றி வைப்பது நியாயம். அந்த நிலையில் அது குறைந்த மின்சாரத்தில் நிறைந்த பலன் தரும்.

"வீட்டை முழுதும் அடைத்துவிட்டால் மூச்சு முட்டாதா?" என்பதும் சரியான கேள்வியே. கண்ட இடத்தில் காற்று வரும் இடுக்குகளை அடைத்துவிட்டு, நாம் விரும்பும்போது திறந்து மூடக்கூடிய ஒரு சன்னலையோ காற்றுத்துளையையோ வைத்துக்கொள்ள வேண்டும். கரி அடுப்பையோ விறகுச் சட்டியையோ மூடிய அறைக்குள் வைத்துக் குளிர்காய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தமிழ்நாட்டின் மலை ஊர்களில் இப்படி அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் மறுநாள் எழுந்திருக்கவில்லை என்ற செய்திகள் வந்திருக்கின்றன.

ஈரமும் கவலைதான். மலையில் மரம் எப்போதும் ஈரத்தோடு போராடுகிறது. பலகைக்கு அடியில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி இறுக்கிக் கட்டினால், உள்ளிருந்து வரும் நீராவி அங்கே குளிர்ந்து நீராகி, மரம் உளுத்துப்போகும். வீட்டுக்கு அடியில் காற்று ஓடும் வெளியை அடைக்கக் கூடாது. நுரைப்பலகை தீப்பிடிக்கும் பொருள் என்பதால் சமையலறைப் பக்கம் எரியாத பாறைக் கம்பளியைப் பயன்படுத்துவது நல்லது. மின்கம்பிப் பாய் போடுவதென்றால் பதிவுபெற்ற மின்பணியாளர், மின்கசிவுத் துண்டிப்பான், தரைக்குள் வெப்பநிலை உணரி ஆகிய மூன்றும் கட்டாயம். நீட்டிப்பு வயரில் சொருகி ஓட்டும் பொருள் அல்ல அது.

யார் செய்ய வேண்டும்?

இங்கே அறிவியல் கேள்வி, நியாயக் கேள்வியாகவும் மாறுகிறது. தோட்டக் குடியிருப்பில் வசிப்பவர்களுக்கு வீடு சொந்தமில்லை. உள்கூரை போடவோ தரைக்கு அடியில் பலகை பொருத்தவோ அவர்கள் கையில் அதிகாரம் இல்லை. இன்று அந்தக் குடியிருப்புகளில் தமிழர்களோடு வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தொழிலாளர்களும் வாழ்கிறார்கள். தொழிலாளர்களின் வீட்டுவசதிக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. மலைத் தோட்டங்களில் வீடு பழுதுபார்க்கும்போது, பெயின்ட் அடிப்பதற்கு முன் கூரைக்கும் தரைக்கும் வெப்பத் தடுப்பு வைப்பதை வழக்கமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சூடேற்றி வாங்கிக் கொடுத்தால் மாதாமாதம் கட்டணம் குடும்பத்தின் தலையில் விழும். தடுப்பு வைத்துக் கொடுத்தால் செலவு ஒருமுறைதான், பலன் வீடு இருக்கும் வரை.

அப்படிக் கேட்பதற்கு நம்மிடம் ஆதாரம் வேண்டும். அதை நீங்கள் திரட்டலாம். ஒரு வெப்பமானியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும், வீட்டுக்கு வெளியே, தரையை ஒட்டி, இடுப்பு உயரத்தில், கூரைக்குக் கீழே என நான்கு இடங்களில் அளந்து அட்டவணையில் எழுதுங்கள். பிறகு பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, திரைச்சீலை, பாய் போன்றவற்றை ஒதுக்கிவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியைத் தரை இடுக்குகள், கதவடி, சுவர் மூலைகள் அருகே காட்டுங்கள். புகை நேராக எழாமல் சாயும் இடமெல்லாம் காற்று புகும் இடம். அங்கே குறியிடுங்கள்.

ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா மாணவர்கள் பத்துப் பத்து வீடுகளை இப்படி அளந்து, பள்ளி அறிவியல் கழகத்தில் தொகுத்தால், கேமரன் மலை வீடுகளின் குளிர் பற்றி ஒரு நல்ல வரைபடம் கிடைக்கும். எந்த வகை வீடு எவ்வளவு குளிர்கிறது, உள்கூரை உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் எத்தனை பாகை வேறுபாடு என்பது எண்களில் தெரியும். தோட்ட நிர்வாகத்திடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் "குளிராக இருக்கிறது" என்று முறையிடுவதைவிட, "காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்குள் 15.5 பாகை" என்று அட்டவணையை நீட்டுவது வேலை செய்யும்.

அறிவியல் கழகப் பொறுப்பாசிரியரிடம் இந்த வாரமே பேசிப் பாருங்கள். ஆண்டிறுதி மழைக்காலக் குளிர் வருவதற்கு முன் அளந்து முடித்தால், பழுதுபார்ப்புப் பட்டியலில் உங்கள் எண்களுக்கும் ஓர் இடம் கிடைக்கலாம்.